குளம்புக் குழியில் நின்ற தண்ணீர்

ஆரம்பாக்கம் பக்கம்,
நவம்பர் 6

அன்புள்ள மகன் இம்மானுவேலுக்கு அப்பா மோசஸ், அம்மா விக்டோரியா இருவரின் ஆசீர்வாதம். ஆண்டவர் தயவில் இங்கே நாங்கள் மூன்று பேரும் நான்கு மாடுகளும் குறை இல்லாமல் இருக்கிறோம், மஸ்கட்டில் நீயும் உன் அறையில் இருக்கிற மற்ற ஐந்து பேரும் காய்ச்சல் தலைவலி இல்லாமல் இருக்க வேண்டும் என்று சாயங்கால ஜெபத்தில் தினமும் உன் பேரைச் சொல்கிறோம். அண்ணா, இது அப்பாவின் கடிதம், எழுதுகிற கை மட்டும் ஷைனியுடையது. பிரஸ் மிஷினில் மாட்டிய விரல்கள் இரண்டும் அப்பாவுக்கு இன்னும் மடங்கவில்லை, கையெழுத்து போடுவார், அதற்கு மேல் எழுதினால் மணிக்கட்டு வலிக்கிறது என்கிறார். போன் இருக்கும்போது எதற்குக் கடிதம் என்று அம்மா கேட்டதற்கு அப்பா, "போன்ல நான் ஒண்ணு சொன்னா அவன் கத்துவான், அவன் கத்துனா நான் கத்துவேன், நடுவுல டவர் பூடும். லெட்டர்னா அவன் பாட்டுக்கு கத்திக்கினு இருக்கட்டும், லெட்டரு நிக்காது" என்றார். ராபின் அண்ணன் ஞாயிற்றுக்கிழமை லீவு முடிந்து மஸ்கட்டுக்கு விமானம் ஏறுகிறார், அவரிடம் கொடுத்து அனுப்புகிறோம். முதலில் அப்பா ஒவ்வொரு வரியாகச் சொன்னார், ஆசீர்வாதத்திலேயே நாலு தடவை நின்றுவிட்டு, பால் ஊற்ற நேரமாகிவிட்டது, மீதியை நீயே எழுது, அந்த வேலியைப் பற்றி உனக்குத்தானே எல்லாம் தெரியும் என்று சொல்லிவிட்டு சைக்கிளை எடுத்துக்கொண்டு போய்விட்டார். அதனால் எழுதுகிறேன். நேரில் என்றால் உன் முகத்தைப் பார்த்து இதில் பாதிகூடச் சொல்ல மாட்டேன் என்பது உனக்கே தெரியும்.

அம்மாவுக்கு கேன்டீனில் நின்று நின்று கால் நரம்பு புடைத்திருக்கிறது, ராத்திரி சுவரில் காலைத் தூக்கி வைத்துக்கொண்டு படுக்கிறாள், டாக்டர் சாக்ஸ் எழுதிக் கொடுத்தார், போட மாட்டேன் என்கிறாள், நீ சொன்னால் கேட்பாள். பின்பக்க ஷீட் ஒழுகுகிறது, தார் பூசியாயிற்று. எட்வர்ட் மாமாவுக்கு திங்கட்கிழமையிலிருந்து வேலை இல்லை, அதற்குக் காரணம் நான்தான், அதைப் பின்னால் சொல்கிறேன். பார்சலில் உலர்ந்த இறாலும் மாங்காய் ஊறுகாயும் இருக்கின்றன, இறாலை முதலில் வெறும் சட்டியில் வறுத்துவிட்டு அப்புறம் தண்ணீரில் போடு, சென்ற தடவை அப்படியே குழம்பில் போட்டுவிட்டு மண்ணாக இருக்கிறது என்று சொன்னாய்.

போன ஞாயிற்றுக்கிழமை நீ போனில் சொன்னதை அம்மா ஸ்பீக்கரில் போட்டதால் மூன்று பேருமே கேட்டோம். உன் தங்கச்சி கம்பெனி வேலியைத் திறந்து மாட்டை விடுகிற வீடியோ உங்கள் கேம்ப் வரைக்கும் வந்துவிட்டது, மானம் போகிறது, திரும்பி வந்தால் வேலை போட்டுத் தருகிறேன் என்ற மேனேஜர் இனி முகம்கொடுத்துப் பேச மாட்டார், கேட்கிற மன்னிப்புத் தாளில் கையெழுத்தைப் போட்டுக் கொடுத்துவிட்டு மாட்டை விற்றுவிடுங்கள் என்றாய். நீ கோபித்துக்கொள்வது நியாயம்தான், நீ பார்த்தது நாற்பது நொடி வீடியோ. அதில் நான் கம்பியை அவிழ்க்கிறேன், செவலை உள்ளே போகிறாள், அவ்வளவுதான். அதற்கு முன்னால் இரண்டு வருஷம் இருக்கிறது, அதை யாரும் வீடியோ எடுக்கவில்லை.

நீ விமானம் ஏறிய அடுத்த மாதம், ஊர் மாடெல்லாம் மேய்கிற தாங்கல் மேய்க்காலைச் சுற்றி வேலி போட்டார்கள். நடுவில் அந்தச் சின்னக் குட்டை, சுற்றிலும் புல், நாம் கிரிக்கெட் ஆடிய மேடு, எல்லாமே வேலிக்குள் போய்விட்டது. சிப்காட் கம்பெனி ஊருக்கு நல்லது செய்ய ஒதுக்குகிற பணத்தில், தவளை தேரைகளுக்கு ஒரு காப்பிடம் என்றார்கள், பச்சைத் தவளை படம் போட்ட போர்டு வைத்தார்கள், அந்தத் தவளைக்குக் கண் இமை கூட வரைந்திருக்கிறார்கள். மாடு மிதித்தால் தவளை சாகும், அதனால் மாடு வரக்கூடாது என்றார்கள். நாங்களும் சரி என்றுதான் நினைத்தோம் அண்ணா, நான் சந்தோஷம்கூடப் பட்டேன். வேலிக்குக் குழி தோண்டியது அப்பாதான். ஊர் முழுக்கச் சம்மதித்த தீர்மானம் இருக்கிறது என்றார்கள், எப்போது சம்மதித்தோம் என்று ஒருவருக்கும் தெரியவில்லை. பிறகுதான் புரிந்தது. கிராம சபையில் டீயும் பன்னும் கொடுக்கும்போது வந்ததற்கு அடையாளமாக ஒரு நோட்டு சுற்றி வரும் இல்லையா, மேலே பக்கம் காலியாக இருக்கும், கீழே நம் ஊர் ஆட்கள் வரிசையாகக் கையெழுத்து போடுவார்கள், பன் வாங்க அதுதான் டோக்கன் மாதிரி. அந்தக் காலி இடத்தில் பின்னால் எழுதிக்கொண்டார்கள், மேய்க்காலில் கால்நடைகளை அனுமதிப்பதில்லை என ஏகமனதாக என்று. அப்பா கையெழுத்து மூன்றாவது. எல்லோருக்கும் முன்னால் போய் பன் வாங்குவதில் அப்பாவுக்கு ஒரு பெருமை.

முதல் மழைக்குத் தவளைகள் நன்றாகத்தான் கத்தின. இரண்டாவது வருஷம் புல் இடுப்பு உயரம் வந்துவிட்டது, குட்டைக்குள் சம்புக் கோரை அடைத்துக்கொண்டது, ஓரத்தில் வேலிகாத்தான் முள் முளைத்தது. மேய ஆள் இல்லாத புல் அப்படித்தான் ஆகும். இந்த அக்டோபரில் முதல் வாரம் அப்படி ஒரு மழை, சிப்காட் ரோட்டில் லாரியே நின்றுவிட்டது, மறுநாள் விடிகாலை மாட்டைப் பிடித்துக்கொண்டு போகிறேன், வேலிக்குள்ளிருந்து ஒரு சத்தம் இல்லை. ரோட்டுப் பக்கம்தான் சத்தம். நம் மாடுகளும் முத்தம்மா அத்தையின் ஆடுகளும் போக இடம் இல்லாமல் இரண்டு வருஷமாக நிற்கிற அந்தச் சகதியில், குளம்பு பதிந்த குழி ஒவ்வொன்றிலும் ஒரு சொம்புத் தண்ணீர், அதில் மண்ணுத் தவளை உட்கார்ந்து கத்துகிறது. உருண்டையாக, கோபமாக, சம்பளம் வராத கிளார்க் மாதிரி முகத்தை வைத்துக்கொண்டு இருக்குமே, அதேதான். குட்டையில் மீன் இருக்கிறது, முட்டையைத் தின்றுவிடும், குளம்புக் குழியில் மீன் ஏது. மாடு மேய்ந்து உயரம் குறைந்த புல்லில்தான் அது பூச்சியைத் துரத்திப் பிடிக்கவும் முடியும். மாடு மிதித்துத் தவளை சாகவில்லை அண்ணா, மாடு மிதித்த இடத்தில்தான் தவளை பிறக்கிறது. கம்பெனிக்காகத் தவளை எண்ணுவதற்கு சென்னைக் கல்லூரியிலிருந்து ரயிலில் வருகிற சத்யா அக்காவுக்கு நான் வாயைத் திறக்காமல் கையைப் பிடித்துக் கூட்டிக்கொண்டு போய் அந்தக் குழிகளைக் காட்டினேன். அவர் முட்டி போட்டு உட்கார்ந்து ஒரு மணி நேரம் பார்த்தார், இது எனக்குத் தெரியாதே என்று சொல்லிவிட்டு எல்லாவற்றையும் எழுதி கம்பெனிக்கு அனுப்பினார். தவளை குறைந்துவிட்டது என்ற முதல் வரியை மட்டும் படித்திருப்பார்கள் போலிருக்கிறது. பாதுகாப்பு போதவில்லை என்று சொல்லி வேலியை இன்னும் இரண்டு அடி உயர்த்தினார்கள்.

அதற்கு மறுநாள்தான் நான் கம்பியை அவிழ்த்தேன். பூட்டு கிடையாது, கட்டுக்கம்பியை முறுக்கி வைத்திருந்தார்கள். எட்வர்ட் மாமாதான் அங்கே வாட்ச்மேன் என்பது உனக்குத் தெரியும், அவர் ஒன்பது மணிக்குத்தான் வருவார். நான் ஐந்தரைக்கு நான்கு மாட்டையும் உள்ளே விடுவேன், எட்டரைக்கு ஓட்டிக்கொண்டு வந்து கம்பியை அதே மாதிரி முறுக்கிவிடுவேன். பதினொரு நாள். செவலைக்கு வழி மறக்கவே இல்லை, வாசலில் நின்று திரும்பிப் பார்த்தாள், நேராகப் போய்க் குட்டைக்கு மேற்கே அந்தப் பழைய இடத்தில் நின்றுகொண்டாள். எட்டாம் நாள் உள்ளே இருந்த குளம்புக் குழிகளில் தலைப்பிரட்டை பார்த்தேன். கறுப்பு எள்ளைக் கொட்டினது போல. யாரிடமும் சொல்லவில்லை. பன்னிரண்டாம் நாள் மாமா சீக்கிரம் வந்துவிட்டார், அவர் பின்னாலேயே பைக்கில் சூப்பர்வைசர். மாமா என்னைப் பார்த்ததும் தலையில் கை வைத்துக்கொண்டு, "ஏ பொண்ணே, இன்னா காரியம் பண்ணிக்கினு கீற, என் சோத்துல மண்ணப் போடத்தான் உன்ன தோளுல தூக்கி வளத்தனா" என்று கத்தினார். சூப்பர்வைசர் போனை எடுத்து, மறுபடி கம்பியை அவிழ்த்துக் காட்டு என்றார், நான் பயத்தில் அப்படியே செய்தேன், மாடு மறுபடி உள்ளே போனது, அந்த வீடியோதான் உனக்கு வந்தது. மத்தியானம் ஆள் அனுப்பி நான்கையும் பஞ்சாயத்து மாட்டுப் பவுண்டில் அடைத்துவிட்டார்கள். மறுநாள் அப்பா போய் அபராதம் கட்டி அவிழ்த்துக்கொண்டு வருகிற வரைக்கும் பால் கறக்கவில்லை, செவலை மடி கல்லாக இருந்தது, தொட்டால் உதைத்தாள். அன்றைக்கு நான் அழுதேன், அது பயத்தில் இல்லை.

அப்புறம் அந்தத் தாள் வந்தது. அத்துமீறி நுழைந்தது தவறு, மன்னியுங்கள் என்று மட்டும் இருந்தால் அப்பா போட்டுக்கொடுத்திருப்பார், நானும் ஒன்றும் சொல்லியிருக்க மாட்டேன். அதற்குக் கீழே இன்னொரு வரி இருக்கிறது: இந்த நிலத்தில் எனக்கோ என் குடும்பத்தாருக்கோ மேய்ச்சல் உரிமை எக்காலத்திலும் இருந்ததில்லை. அதைப் படித்துக் காட்டியபோது அப்பா, "எக்காலத்திலும் இல்லையா, அப்ப நான் இன்னாத்த குடிச்சி வளந்தேன், பாலுக்குப் பதிலா தாரையா ஊத்துனாங்க எனக்கு" என்றார். பத்தாம் தேதி திங்கட்கிழமைக்குள் கொடுக்க வேண்டும், கொடுக்காவிட்டால் அடுத்த தடவை மாடு பவுண்டிலிருந்து வராது என்று பஞ்சாயத்து கிளார்க் சொல்லிவிட்டுப் போனார். முத்தம்மா அத்தைக்கும், மாடு ஆடு வைத்திருக்கிற மற்ற ஒன்பது வீட்டுக்கும் இதே தாள். எதற்கு இந்த அவசரம் என்று கேட்டுப் பார்த்ததில், மேற்கு ஓரத்தில் லாரி நிறுத்த இடம் கேட்டிருக்கிறார்களாம். யாரும் மேய்க்காத நிலத்துக்கு மேய்க்கால் என்று எதற்குப் பேர், மாற்றிவிடலாம் என்று பேச்சு. தவளையும் இல்லை, மாடும் இல்லை என்றால் அப்புறம் அந்த வேலிக்குள் இருப்பது வெறும் இடம்தானே. நம் கையெழுத்தை வைத்தே அதைச் செய்யப் பார்க்கிறார்கள்.

நவம்பர் ஒன்றாம் தேதி கிராம சபை. அதே ஷாமியானா, அதே பன். நோட்டு சுற்றி வந்தது, மேலே பக்கம் காலி. பெண்கள் வரிசையில் என் கைக்கு வந்ததும் நான் அதை மூடி மடியில் வைத்துத் துப்பட்டாவைப் போட்டுக்கொண்டேன். கிளார்க் பார்த்துவிட்டு, "இன்னாம்மா, கையெழுத்து வராதா, ரேகை வை" என்றார், எல்லோரும் சிரித்தார்கள். கூட்டத்தில் எனக்குப் பேச வராது என்று தெரிந்துதான் முந்தின நாளே சொல்ல வேண்டியதை ஒரு தாளில் எழுதி வைத்திருந்தேன், அதைப் பக்கத்தில் இருந்த முத்தம்மா அத்தையிடம் கொடுத்தேன், அவர் குரல் ரயிலுக்கே கேட்கும். அத்தை எழுந்து நின்று தாளை விரித்து, கொஞ்ச நேரம் பார்த்து, திருப்பிப் பார்த்து, "அடிப் பாவி, எனக்கு எங்கடி படிக்கத் தெரியும்" என்று எல்லோர் முன்னாலும் சொல்லிவிட்டு என் கையில் திணித்தார். பள்ளிக்கூடத்தில் எழுந்து படிக்கச் சொன்னால் நான் என்ன ஆவேன் என்று உனக்குத் தெரியும், ஒன்பதாவதோடு நான் நின்றதற்கு அப்பாவின் கை மட்டும் காரணம் இல்லை. ஆனால் அத்தை உட்கார்ந்துவிட்டார், நான் நின்றுகொண்டிருந்தேன். தலையைத் தூக்காமல் படித்தேன். மேலே எழுத வேண்டியதை முதலில் எழுதிப் படித்துக் காட்டுங்கள், பிறகு கையெழுத்து போடுகிறோம். இரண்டு வருஷத்துக்கு முன்னால் நாங்கள் போட்ட கையெழுத்துக்கு மேலே என்ன இருக்கிறது என்பதையும் படித்துக் காட்டுங்கள். அவ்வளவுதான் எழுதியிருந்தேன்.

தலைவர், சின்னப் பெண்ணுக்குச் சட்டம் தெரியாது, நோட்டைக் கொடும்மா என்றார். நான் கொடுக்கவில்லை. கொடுக்காமல் இருப்பதற்குப் பேசத் தேவையில்லையே, அது எனக்கு வசதியாக இருந்தது. அப்போது பின்னால் யூனிஃபார்ம் போட்டு நின்றுகொண்டிருந்த எட்வர்ட் மாமா, "படிங்க சார், இன்னா இப்ப, நானும் அன்னிக்கு பன்னுக்குத்தான் சார் கையெழுத்து போட்டேன்" என்றார். அவ்வளவுதான், ஆளாளுக்கு நானும் பன்னுக்குத்தான், நானும் பன்னுக்குத்தான் என்று எழுந்துவிட்டார்கள். வேறு வழி இல்லாமல் பழைய பக்கத்தைப் படித்தார்கள். ஏகமனதாக என்ற வார்த்தை வந்ததும் முத்தம்மா அத்தை, "தவக்களைக்கு ஊடு கட்டிக் குடுத்துட்டு எங்கள ரோட்டுல உட்டீங்க, இப்ப அந்தத் தவக்களையும் எங்ககூட ரோட்டுக்கு வந்துடுச்சி, போய்ப் பாருங்க" என்றார். கூட்டத்தை அதோடு முடித்துவிட்டார்கள். புதுத் தீர்மானம் எதுவும் எழுதவில்லை, அந்தப் பக்கம் காலியாகவே இருக்கிறது. ஜெயித்துவிட்டோம் என்று சொல்லவில்லை அண்ணா. வேலி அப்படியேதான் நிற்கிறது, திங்கட்கிழமை மாமாவை வர வேண்டாம் என்று கான்ட்ராக்டர் சொல்லிவிட்டார். மன்னிப்புக் கேட்கத்தான் போய் அவர் முன்னால் நின்றேன். மாமா டீயைக் குடித்துக்கொண்டே, "போடி போ, இத்தினி நாளு பார்ட் டைமா தாய்மாமன், இனிமே ஃபுல் டைமு" என்றார். இப்போது காலையில் அவர்தான் எனக்கு முன்னால் வந்து வேலி வாசலில் நிற்கிறார்.

நீ கேட்டதற்குப் பதில் இதுதான். கையெழுத்து போட மாட்டோம். மாட்டை விற்க மாட்டோம். நீ அனுப்புகிற பணத்தில் பால் பாக்கெட் வாங்கிக்கொள்ளலாம் என்று சொன்னாய், அதை அம்மா கேட்டுவிட்டு எழுந்து போய் செவலைக்குத் தண்ணீர் காட்டினாள். அப்பா சொல்லச் சொன்னதை அப்படியே எழுதுகிறேன்: "நைனா, அந்த வேல பூட்டா வேற வேல கெடைக்கும், மேய்க்கால் பூட்டா வேற மேய்க்கால் எவன் குடுப்பான்? மானம் போவுதுன்னு சொன்ன. என் கையெழுத்த பன்னுக்கு வித்தப்பதான் மானம் போச்சி. இப்ப திரும்பி வந்துக்கினு கீது." வேலியே வேண்டாம் என்று நாங்கள் சொல்லவில்லை, அதையும் உன் நண்பர்களிடம் சொல். லாரி வராமல் இருக்க வேலி இருக்கட்டும், போர்டு இருக்கட்டும், இமை வைத்த தவளைகூட இருந்துவிட்டுப் போகட்டும். மாட்டுக்கு வாசல் வேண்டும், அவ்வளவுதான். வீடியோவைக் காட்டிக் கேலி செய்தால் தலை குனியாதே, அது என் தங்கச்சிதான் என்று சொல். நாளைக் காலையும் ஐந்தரைக்குப் போவேன்.

வெயிலில் வேலை செய்யும்போது தண்ணீர் குடிக்க மறக்காதே, உன் ஹெல்மெட்டை வேறு யாருக்கும் கொடுக்காதே, ஞாயிற்றுக்கிழமை ஆராதனைக்குப் போக முடியாவிட்டாலும் ஒரு சங்கீதமாவது படி என்று அம்மா எழுதச் சொன்னாள். கிறிஸ்துமஸ் நட்சத்திரத்தை இந்த வருஷமும் நீ கட்டிய அந்தக் கொம்பிலேயே கட்டப்போகிறோம். சாக்ஸ் போடச் சொல்லி அம்மாவுக்குப் போன் செய்.

ஒன்று மட்டும் மறக்கவே கூடாது. முந்தின தாள்கள் எல்லாம் நோட்டிலிருந்து கிழித்தவை, இந்தக் கடைசித் தாள் மட்டும் கனமாக இருக்கிறது பார், திருப்பிப் பார். அதுதான் அந்த மன்னிப்புத் தாள். கீழே கையெழுத்துக் கோடு காலியாக இருக்கும். ஞாயிற்றுக்கிழமை நீ போனை வைத்த பிறகு அப்பா பேனாவைத் திறந்துவிட்டார், நான்தான் தாளைப் பிடுங்கி அரிசி டின்னுக்கு அடியில் வைத்தேன். அப்பா மனசு உனக்குத் தெரியும், யாராவது தோளில் கை போட்டு அண்ணே என்று கூப்பிட்டால் போட்டுக் கொடுத்துவிடுவார், அதை அவரே ஒப்புக்கொள்கிறார். அதனால் இது இந்த ஊரில் இருக்க வேண்டாம், உன் பெட்டியில் துணிக்கு அடியில் இருக்கட்டும். திங்கட்கிழமை கிளார்க் வந்து தாள் எங்கே என்று கேட்டால் வெளிநாடு போய்விட்டது என்று சொல்வதாக அப்பா இப்போதே சொல்லிப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருக்கிறார். இன்னொன்று அச்சடித்துக்கொண்டு வந்தால் வரட்டும், அதன் பின்பக்கமும் வெள்ளையாகத்தானே இருக்கும்.

பால் ஊற்றிவிட்டு வந்து, முழுவதையும் இரண்டு தடவை படிக்கச் சொல்லிக் கேட்டுவிட்டுத்தான் அப்பா கீழே கையெழுத்து போடுகிறார். கர்த்தர் உன் போக்கையும் வரத்தையும் காக்கட்டும்.

உன் அப்பா,
மோசஸ்

அப்பா சொன்னதையும் சொல்லாததையும் எழுதியவள்,
ஷைனி